குறைவாகப் பேசுவோர் நிறையக் கட்டலாமா?

விதைக்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு, களைக்கூலி எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லும் விவசாயிகள்கூட ஒரு செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது செல்போன் ரீசார்ஜ் செலவு. கெடு முடிந்ததும் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் சொல்லும் தொகையைக் கொடுக்கிறார்கள். போன் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். சின்னத் தொகைதானே என்ற நினைப்பு. சிறு துளி பெருவெள்ளம் என்பது வரவுக்கு மட்டுமல்ல, செலவுக்கும் பொருந்தும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் இந்தச் செலவு வீட்டுக்கு ஒரு போனோடு நிற்பதில்லை. விவசாயி கையில் ஒன்று, வீட்டிலிருக்கும் வயதான தாயார் கையில் ஒன்று, மலையடிவாரத் தோப்பில் காவலிருப்பவர் கையில் ஒன்று, போதாததற்குக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டருக்குள் ஒன்று என்று சிம் கார்டுகள் பெருகிவிட்டன. இவற்றில் பெரும்பாலானவை நாளுக்கு ஐந்து நிமிடம்கூடப் பேசாதவை. ஆனால் நாள் முழுதும் பேசுகிறவரும் படம் பார்க்கிறவரும் கட்டுகிற அதே தொகையை இவையும் கட்டுகின்றன. இது தேவையா? தேவையில்லை. சற்றே விசாரித்துத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் செலவைக் கணிசமாகக் குறைக்கலாம். அதற்கு மேலும் குறைய வேண்டுமானால், அதை நிறுவனங்களும் அரசும்தான் செய்ய வேண்டும்.

கேட்பதற்கும் காசு

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் பேசப்பட்டது. அந்தத் தொடக்க காலத்தில் பேசுவதற்கும் காசு, வந்த அழைப்பைக் கேட்பதற்கும் காசு. 2003 மே மாதம் முதல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை வந்தது, கேட்பது இலவசமாயிற்று. அதன் பிறகுதான் செல்போன் கிராமத்துக்குள் நுழைந்தது. 2006 வாக்கில் 999 ரூபாய் ஒரு முறை கட்டினால் ஆயுள் முழுதும் அழைப்பு வரும் என்று நிறுவனங்கள் போட்டி போட்டு விற்றன. மிஸ்டு கால் கொடுத்தே காரியம் முடித்த காலம் அது.

2018ஆம் ஆண்டு இறுதியில் அந்தக் காலம் முடிந்தது. சிம் உயிரோடு இருக்க வேண்டுமானால் 28 நாளுக்கு ஒரு முறை குறைந்தது 35 ரூபாய் கட்டியாக வேண்டும் என்ற நிலை வந்தது. 2021 நவம்பரில் ஏர்டெல் நிறுவனத்தின் குறைந்தபட்சத் திட்டம் 99 ரூபாய் ஆயிற்று. 2024 ஜூலையில் எல்லாத் தனியார் நிறுவனங்களும் விலையை ஏற்றியபோது அதே நிறுவனத்தின் 28 நாள் தொடக்கத் திட்டம் 199 ரூபாய் ஆயிற்று. ஆறு ஆண்டுக்குள் ஐந்து மடங்குக்கும் மேல்!

நியாயமாகச் சொல்வதானால், அந்த 35 ரூபாயில் கிடைத்த பேச்சு கொஞ்சம்தான்; 199 ரூபாயில் அளவில்லாமல் பேசலாம், கொஞ்சம் இண்டர்நெட்டும் உண்டு. ஆனால் பேசாதவருக்கு அளவில்லாப் பேச்சு எதற்கு? பட்டன் போன் வைத்திருப்பவருக்கு இண்டர்நெட் எதற்கு? பசிக்கு இரண்டு இட்லி கேட்பவரிடம் முழுச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கினால்தான் உள்ளே விடுவேன் என்பது போன்றது இது.

போனை அணைத்துப் போடவும் முடியாது

பேசாவிட்டால் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். இன்றைய நிலையில் அது முடியாது. வங்கிக் கணக்கு, ஆதார், சமையல் எரிவாயு எல்லாம் செல்போன் எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிறது. இதற்கான சரிபார்ப்புக்கு ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் ஒருமுறை கடவுச்சொல் வரும். எண் செத்துப் போயிருந்தால் விரல் ரேகை வைக்கச் சேவை மையத்துக்கு அலைய வேண்டும். அதை நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் துண்டித்துவிடுவார்கள். துண்டித்து 90 நாள் கழிந்த பிறகு அதே எண்ணை வேறொருவருக்கு விற்கவும் நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. அப்போது வங்கியிலிருந்து வரும் செய்தி யாரோ ஒருவர் கைக்குப் போகும்.

ஆக, குறைவாகப் பேசுகிறவர் கடையில் வாங்குவது பேச்சை அல்ல; எண் உயிரோடு இருக்கும் நாட்களை. இதை மனதில் வைத்துக்கொண்டால் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. எத்தனை ஜி.பி., எத்தனை சினிமா என்று பார்க்க வேண்டியதில்லை. தொகையை நாட்களால் வகுத்து, ஒரு நாளுக்கு எவ்வளவு விழுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

28 நாள் கணக்கு

28 நாள் என்பதை ஒரு மாதம் என்று எண்ணுவது முதல் ஏமாற்றம். ஆண்டுக்கு மாதம் பன்னிரண்டு. ஆனால் 28 நாள் திட்டத்தில் ரீசார்ஜ் பதிமூன்று. 199 ரூபாய்த் திட்டத்தில் பதிமூன்று முறைக்கு 2,587 ரூபாய் ஆகிறது. பிரதமர் கிசான் தவணை ஒன்று 2,000 ரூபாய்தான். ஒரு தவணை முழுதையும் ஒரு சிம் விழுங்கி, மேலும் கேட்கிறது. வீட்டில் இப்படி மூன்று சிம் இருந்தால் ஆண்டுக்கு 7,761 ரூபாய். மூன்று தவணையும் சேர்ந்தாலும் போதாது.

இந்த 28 நாள் பற்றிப் புகார்கள் வந்ததால்தான், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் ஓர் உத்தரவிட்டது. ஒவ்வொரு நிறுவனமும் முழு 30 நாளுக்கான திட்டமும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. அவை இருக்கின்றன, கேட்டால்தான் சொல்வார்கள். வேறொரு தந்திரமும் உண்டு. விலையை அப்படியே வைத்துக்கொண்டு நாட்களை மட்டும் குறைத்துவிடுவது அது. பழைய தொகைதானே என்று கட்டிவிட்டு வருபவருக்கு ஒரு வாரம் முன்னதாகவே போன் நின்ற பிறகுதான் விஷயம் தெரியும். எனவே ஒவ்வொரு முறையும் தொகையோடு நாளையும் கேட்பது அவசியம்.

இண்டர்நெட் இல்லாத திட்டம்

குறைவாகப் பயன்படுத்துவோருக்குக் கிடைத்த உருப்படியான வாய்ப்பு 2024 டிசம்பரில் வந்தது. இண்டர்நெட் சேர்க்காமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று டிராய் விதி செய்தது. அதுவரை 90 நாளாக இருந்த சிறப்பு ரீசார்ஜின் உச்ச வரம்பு 365 நாளாக உயர்த்தப்பட்டது. அடுத்த மாதமே, அதாவது 2025 ஜனவரியில், தனியார் நிறுவனங்கள் இந்தத் திட்டங்களை அறிவித்தன. முதலில் அறிவித்த விலையைச் சில நாளிலேயே சற்றுக் குறைக்கவும் செய்தன. அப்போது ஏர்டெலில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய். ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய்.

இவற்றை நாள் கணக்கில் பார்ப்போம். 28 நாளுக்கு 199 ரூபாய் என்றால் நாளுக்கு 7 ரூபாய் 11 காசு. 84 நாளுக்கு 469 என்றால் 5 ரூபாய் 58 காசு. 448 என்றால் 5 ரூபாய் 33 காசு. 336 நாளுக்கு 1,748 என்றால் 5 ரூபாய் 20 காசு. 365 நாளுக்கு 1,849 என்றால் 5 ரூபாய் 7 காசு. 28 நாள் திட்டத்திலிருந்து ஆண்டுத் திட்டத்துக்கு மாறினால் சிம் ஒன்றுக்கு 738 ரூபாய் மிச்சம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. இரண்டு மூட்டை வாங்கியும் கையில் காசு நிற்கும்.

விலைகள் அடிக்கடி மாறுவதால் கட்டும் அன்று மறுபடியும் கணக்குப் போட வேண்டும். பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் சிறு தொகைத் திட்டங்களையும் இதே நாள் கணக்கில் ஒப்பிட வேண்டும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் விலையை ஏற்றியபோது அது ஏற்றவில்லை என்பதால் பலர் அதன் பக்கம் திரும்பினார்கள்.

ஆண்டுத் தொகையை ஒரே முறையில் கட்டுவது எல்லோருக்கும் முடியாது. விவசாயியின் கையில் மாதா மாதம் சம்பளம் வருவதில்லை. நெல் விற்றால், மாங்காய் இறங்கினால், தேங்காய் வெட்டினால் பணம். அப்படிப் பணம் புழங்கும் சமயத்தில் ஆண்டு ரீசார்ஜை முடித்துவிடுவது நல்லது. இடையில் விலை ஏறினாலும் முன்பே கட்டியவரை அது தொடாது. ஒரே முறையில் முடியாதவர் 84 நாள் திட்டத்தை எடுக்கலாம். அதுவும் 28 நாளைவிட மேல்.

உழவன் செயலி பார்க்கிறோம், மழை நிலவரம் பார்க்கிறோம், விலை பார்க்கிறோம், இண்டர்நெட் வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் வீட்டில் எல்லாப் போனிலும் வேண்டியதில்லை. மகன் அல்லது மகள் வைத்திருக்கும் ஒரு போனில் இருந்தால் போதும். அதன் வழியாக மற்றொரு போனுக்கும் இணைப்புக் கொடுத்துக்கொள்ளலாம். பயிரில் சந்தேகம் வந்தால் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்துக்குப் பட்டன் போனிலிருந்தே பேசலாம். 2004 ஜனவரியில் தொடங்கிய இந்தச் சேவையில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பதில் கிடைக்கும், கட்டணம் இல்லை.

முதலில் சிக்னல், பிறகு விலை

மலிவு என்று வாங்கிய சிம் தோட்டத்தில் எடுக்கவில்லை என்றால் அது மலிவல்ல, நட்டம். ராஜபாளையம் கடைத்தெருவில் நாலு கோடு காட்டும் போன், அய்யனார் கோவில் பக்கத்துத் தோப்பில் ஒரு கோடும் காட்டாமல் போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் தெளிவாகக் கேட்கும் குரல் செண்பகத்தோப்புப் பாதையில் அறுந்து போகலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மடிப்புகள் டவரை மறைக்கின்றன.

இங்கே இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. இந்த மலையடிவாரம் 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயத்தை ஒட்டியது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தென்னை, மா, வாழைத் தோப்புகளுக்குள் யானையும் காட்டுப்பன்றியும் வருவது புதிதல்ல. இரவுக் காவலில் இருப்பவர் மாதத்தில் ஒரே ஒரு முறைதான் அவசரமாகப் பேசுவார். அந்த ஒரு முறை போன் எடுத்தாக வேண்டும். எனவே புதிய சிம் வாங்குமுன், வெவ்வேறு நிறுவன சிம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்துக்காரர்களை மோட்டார் அறைக்கும் காவல் குடிசைக்கும் அழைத்துப் போய்ப் பேசிப் பார்க்க வேண்டும். காலையில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை பார்ப்பது நல்லது. எது எடுக்கிறதோ அதுதான் அந்தத் தோட்டத்துக்கான சிம். அதற்குள் எது மலிவான திட்டம் என்பது அடுத்த கேள்வி.

போனின் வகையையும் பார்க்க வேண்டும். பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. அந்த நிறுவனத்துக்கு 2ஜி சேவையே கிடையாது. 4ஜி வசதியுள்ள பட்டன் போன் தேவைப்படும். 2023 ஜூலையில் அந்த நிறுவனம் 999 ரூபாய்க்கு அப்படி ஒரு போனை அறிமுகம் செய்தது. திட்டம் மலிவு என்று சிம்மை மட்டும் மாற்றிவிட்டுப் போன் செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. செத்தது போன் அல்ல. பொருத்தம் பார்க்காதது தவறு.

மோட்டாருக்கு ஒரு சிம்

மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடுச்சாமத்தில் வரப்பில் நடந்து போய் மோட்டார் போட்ட காலம் மாறி, வீட்டிலிருந்தபடியே செல்போனில் அழைத்து மோட்டார் போடும் ஸ்டார்ட்டர்கள் வந்துவிட்டன. வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்திலும் இவை வழங்கப்பட்டிருக்கின்றன. பாம்புக்கும் பன்றிக்கும் பயப்படாமல் தண்ணீர் பாய்ச்ச முடிகிறது என்பதால் வயதான விவசாயிகளுக்கு இது பெரிய உதவி.

இந்தக் கருவிக்குள் இருக்கும் சிம்தான் எல்லாவற்றிலும் குறைவாகப் பேசுவது. பதிவு செய்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மோட்டாரைப் போடும் அல்லது நிறுத்தும். சில கருவிகளுக்கு அழைப்பு வந்தாலே போதும். வேறு சில, மின்சாரம் வந்தது, போனது, கிணற்றில் தண்ணீர் இல்லை என்று குறுஞ்செய்தி அனுப்பும் அல்லது திரும்ப அழைக்கும். முதல் வகைக்கு அழைப்பு உள்ளே வந்தால் போதும். இரண்டாம் வகைக்கு வெளியே போகும் வசதியும் வேண்டும். கருவி வாங்கிய இடத்தில் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற திட்டத்தைப் போட வேண்டும். கருவி 2ஜி மட்டும் எடுக்குமா, 4ஜியும் எடுக்குமா என்பதையும் கேட்க வேண்டும்.

இந்தச் சிம்முக்கு ஆண்டுத் திட்டமே சிறந்தது. காரணம், மறதி. கையிலுள்ள போனுக்குக் கெடு முடிந்தால் உடனே தெரியும். பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்குக் கெடு முடிந்தது, பயிர் வாடும்போதுதான் தெரியும். ரீசார்ஜ் தேதியை ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவிலேயே பெயிண்டால் எழுதி வைப்பது நல்ல பழக்கம். மோட்டார் தேவைப்படாத மழை மாதங்களில் சிம்மை மறந்துவிடவும் கூடாது. 90 நாள் எந்த உபயோகமும் இல்லாத எண்ணைத் துண்டிக்க 2013ஆம் ஆண்டு விதி இடம் தருகிறது. கணக்கில் 20 ரூபாய்க்குக் குறையாமல் இருப்பு இருந்தால் துண்டிக்கக் கூடாது என்றும், அதை எடுத்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இது எண்ணைக் காப்பாற்றத்தான். இருபது ரூபாய் இருந்தால் அழைப்பும் வந்துகொண்டிருக்கும் என்று நம்பி மோட்டாரை விட்டுவிடக் கூடாது.

எண் மாறாமல் நிறுவனம் மாறலாம்

பிடிக்கவில்லை என்றால் எண்ணை விடாமலே வேறு நிறுவனத்துக்கு மாறும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுதும் இருக்கிறது. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, எண்ணையும் சேர்த்து 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். அதைக் கொண்டுபோய்ப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால், மாநிலத்துக்குள் மூன்று வேலை நாளில் மாற்றம் முடிய வேண்டும். பழைய நிறுவனத்தில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எந்தத் தொகைத் திட்டத்தில் இருந்தாலும் இந்தக் குறுஞ்செய்தி போக வழிவிட வேண்டும் என்று டிராய் 2021 டிசம்பரில் ஆணையிட்டிருக்கிறது. பழைய இடத்தில் மிச்சமிருக்கும் நாளும் காசும் கூட வராது என்பதால், கெடு முடியும் தறுவாயில் மாறுவதே லாபம்.

செய்ய வேண்டியது என்ன?

டவருக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு, பேசினாலும் பேசாவிட்டாலும் ஒன்றுதான் என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு. காசே கட்டாமல் சிம் வைத்திருக்க வேண்டும் என்று எந்த விவசாயியும் கேட்கவில்லை. ஆனால் வீட்டு மின்சாரத்தில் குறைவாகச் செலவழிப்பவருக்குக் குறைந்த வீதம். நிறையச் செலவழித்தால் வீதமும் ஏறுகிறது. செல்போனிலோ நாள் முழுதும் பேசுபவருக்கு நிமிடம் ஒன்றுக்கு ஒன்றுமில்லாமல் போகிறது. ஐந்து நிமிடம் பேசுபவருக்கு நிமிடம் ஒன்றுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் விழுகிறது. இது தலைகீழ் நியாயம்.

2024ஆம் ஆண்டு விதி, தனித் திட்டம் வேண்டும் என்றது; விலை எவ்வளவு என்று சொல்லவில்லை. அதனால் இண்டர்நெட்டை எடுத்த பிறகும் விலை பெரிதாக இறங்கவில்லை. இன்னும் ஒரு படி போக வேண்டும். அழைப்பு உள்ளே வரவும், அவசரத்துக்குச் சில நிமிடம் பேசவும், சில குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டுமான ஓராண்டுத் திட்டம் ஒன்றை மிகக் குறைந்த விலையில் எல்லா நிறுவனங்களும் தர வேண்டும். மோட்டார் சிம்முக்கும் முதியோருக்கும் அதுதான் பொருத்தம். பொதுத்துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல். இதில் முந்திக்கொண்டால் மற்றவர்கள் பின்தொடர்ந்தே ஆக வேண்டும். பேச்சு மட்டுமான திட்டங்களின் தொகையும் நாளும் ஒவ்வொரு ரீசார்ஜ் கடையிலும் தமிழில் எழுதித் தொங்கவிடப்பட வேண்டும். கேட்டால் சொல்வோம் என்பது போதாது. கேட்கத் தெரியாதவர்களுக்குத்தான் அந்தத் திட்டமே தேவை.

அது வரும்வரை விவசாயிகள் கடையில் கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள்தான். இண்டர்நெட் இல்லாத திட்டம் எது? அது எத்தனை நாள் செல்லும்? என் தோட்டத்தில் எடுக்கும் நிறுவனத்தில் அது உண்டா? என் போனுக்கும் மோட்டார் கருவிக்கும் அது பொருந்துமா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகே பையில் கை விட வேண்டும். ரீசார்ஜ் செய்த தொகையையும், கெடு முடியும் தேதியையும், உரச் செலவு எழுதும் அதே நோட்டில் ஒரு வரியாக எழுதி வைக்க வேண்டும். எழுதிவைத்த செலவுதான் குறையும்.